அவிழ வேண்டிய பெல்ட்

எனக்குப் பத்து வயதாக இருந்தபோது நாங்கள் மூன்று அறை வீட்டில் இருந்தோம். முன்னறை அப்பாவின் தையல் கடை. பின்னறை முழுக்க அம்மாவின் ஆற்றுச் சாமான்கள். நடுவில் இருந்த ஒரே அறையில்தான் மூவரும் சாப்பிட்டோம், தூங்கினோம், சண்டை போட்டோம், சமாதானமும் ஆனோம்.

முன்னறையில் புதுத்துணி வாசம் அடிக்கும். பின்னறையில் பாசியும் ஈரக்கல்லும் கலந்த வாசம் அடிக்கும். இரண்டும் நடு அறையில் வந்து சேரும். இன்றைக்கும் ஏதாவது துணிக்கடைக்கு மழையில் நனைந்துகொண்டே நுழைந்தால் எனக்கு அந்த வீடு ஞாபகம் வந்துவிடும்.

எங்கள் ஊருக்குக் கீழே ஆறு பாறைகளுக்கு நடுவே விழுந்து, புரண்டு, வெள்ளை வெளேரென்று நுரைத்து ஓடும். அதில் துடுப்புப் போட எங்கிருந்தெல்லாமோ ஆட்கள் வருவார்கள். ஒருவர் மட்டும் உட்காரும் சின்னப் படகுகள். சில நேரம் படகு கவிழ்ந்துவிடும். அப்போது ஆளை மீட்டுக் கொண்டுவருவதுதான் அம்மாவின் வேலை.

அம்மாவுக்கு ஒரு மீட்பு ஜாக்கெட் இருந்தது. ஒரு காலத்தில் நல்ல சிவப்பு. நான் பார்க்கும்போது செங்கல் பொடி நிறத்துக்கு வந்திருந்தது. நான் நடக்க ஆரம்பித்த மாதம் வாங்கியதாம். மழைநாள் மத்தியானங்களில் அதுதான் எனக்குத் தலையணை. சில நாள் அது கப்பல். சில நாள் ஆமையின் ஓடு.

அப்பா மட்டும் அதை ஜாக்கெட் என்று சொல்லவே மாட்டார்.

"உங்கம்மா சட்டை எங்க?" என்பார்.

"அது சட்டை இல்லைங்க, லைஃப் ஜாக்கெட்," என்பாள் அம்மா.

"கை விடுறதுக்கு ரெண்டு ஓட்டை, தலை விடுறதுக்கு ஒரு ஓட்டை. என் கடையில அதுக்குப் பேரு சட்டைதான்."

சாதாரண லைஃப் ஜாக்கெட் ஆளை மிதக்க வைக்கும். அவ்வளவுதான். மீட்பு ஜாக்கெட்டில் மார்பைச் சுற்றி அகலமான பெல்ட் ஒன்று கூடுதலாக இருக்கும். முதுகுப் பக்கம் அந்தப் பெல்ட்டில் ஒரு வளையம் கோத்திருக்கும். வளையத்தில் கயிற்றை மாட்டிக்கொண்டு அம்மா தண்ணீரில் குதிப்பாள். மறுமுனையைக் கரையில் இருப்பவர்கள் பிடித்துக்கொள்வார்கள்.

பெல்ட்டின் முன்பக்கம் ஒரு சின்னப் பந்து தொங்கும். அதைப் பிடித்து இழுத்தால் பெல்ட் திறந்து, முழுசாக உருவிக்கொண்டு வெளியே போய்விடும். கயிறும் அதோடு போய்விடும்.

"கயித்த விட்டுட்டா நீ எப்படிம்மா வருவ?" என்று ஒருமுறை கேட்டேன்.

"கயிறு பாறையில சிக்கிடுச்சுன்னு வை. பின்னாடியிருந்து தண்ணி தள்ளும். கயிறு போக விடாது. ரெண்டும் சேர்ந்து என்னைத் தண்ணிக்குள்ள அமுக்கிடும். அப்போ கயிறே வேண்டாம்னு விட்டுடணும்."

அந்த வருடம் ஆற்றில் தண்ணீர் வற்றிக் கிடந்த மாதங்களில் அம்மாவுக்கு வேலை இல்லை. ஜாக்கெட் பின்னறைக் கொக்கியில் தொங்கியது. அப்பா அதை எடுத்துத் துவைத்து, பிய்ந்த இடமெல்லாம் சிவப்பு நூல் போட்டுத் தைத்து, அம்மாவிடம் கொடுத்தார். அம்மா திருப்பித் திருப்பிப் பார்த்தாள். பிறகு அவர் தோளில் கை வைத்தாள். அப்பாவின் காது சிவந்துவிட்டது.

மலையில் மழை பிடித்தது. வரும் ஞாயிற்றுக்கிழமை முதல் படகுகள் இறங்கும் என்று அறிவித்தார்கள். அந்த வாரத்தில்தான் ஒருநாள் நானும் என் தோழியும் கொல்லைப்பக்கத்தில் மீட்பு விளையாட்டு விளையாடினோம். அவளைப் பஞ்சு என்று கூப்பிடுவோம். எடை அப்படி.

பஞ்சுதான் எப்போதும் மூழ்குவாள். தரையில் மல்லாக்கப் படுத்துக் கையைக் காலை உதறுவாள்.

"காப்பாத்துங்க, காப்பாத்துங்க. நாளைக்குக் கணக்குப் பரீட்சை இருந்தா மட்டும் காப்பாத்தாதீங்க," என்று கத்துவாள்.

அன்றைக்கு அவளுக்கு அலுத்துவிட்டது.

"எப்பப் பாரு நானே மூழ்கணுமா? இன்னைக்கு நான் கயிறு பிடிக்கிறேன்."

சரி என்று அம்மாவின் ஜாக்கெட்டை மாட்டிக்கொண்டேன். அது என் முழங்கால் வரை வந்தது. வளையத்தில் கொடிக்கயிற்றைக் கட்டினோம். பஞ்சு மறுமுனையைப் பிடித்து இழுத்தாள். நான் ஆற்றோடு போவதுபோல் முன்னால் ஓடினேன்.

"கயிறு சிக்கிடுச்சு. விட்டுடப் போறேன்," என்று சொல்லிப் பந்தை இழுத்தேன்.

முன்னால் பெல்ட் திறந்தது. ஆனால் உருவிக்கொண்டு போகவில்லை. பஞ்சு இழுத்த இழுப்பில் நான் பின்னால் சாய்ந்து, துணி ஊறவைத்திருந்த தொட்டிக்குள் உட்கார்ந்தேன்.

பஞ்சு சிரித்துச் சிரித்து இருமினாள். எனக்கும் சிரிப்புத்தான். மறுபடி செய்து பார்த்தோம். மறுபடியும் வரவில்லை. மூன்றாவது தடவை எனக்குச் சிரிப்பு வரவில்லை.

ஜாக்கெட்டைக் கழற்றி முதுகுப்பக்கம் பார்த்தேன். பெல்ட் நுழைந்து போகும் பட்டையில், பெல்ட்டையும் பட்டையையும் சேர்த்து, அரிசி கோத்த மாதிரி ஒரே அளவில் பத்துப் பன்னிரண்டு தையல். சிவப்பு நூல். அப்பாவின் தையலை நான் எங்கே பார்த்தாலும் கண்டுபிடித்துவிடுவேன்.

"ஆடிக்கிட்டே இருந்துச்சு, ஒரு பிடி பிடிச்சு விட்டேன்," என்று ஜாக்கெட்டைத் தைத்துக் கொடுத்த அன்றைக்கு அப்பா சொன்னது காதில் கேட்டது.

ஆடட்டும் என்றுதான் அதை அப்படிச் செய்திருந்தார்கள்.

"பிளேடு எடு. வெட்டி விட்டுடலாம். யாருக்கும் தெரியாது," என்றாள் பஞ்சு.

அப்பாவின் டிராயரிலிருந்து தையல் பிரிக்கும் சின்னக் கத்தியை எடுத்து வந்தேன். நுனியை முதல் தையலுக்கு அடியில் நுழைத்தும் விட்டேன். பிறகு நிறுத்தினேன்.

"என்னடி?"

"அப்பாவுக்குத் தெரியாம பிரிச்சா, அடுத்த வருஷம் அவர் மறுபடியும் தைப்பாரு. அவருக்கு இது தப்புன்னே தெரியாதே."

"அப்போ உங்கம்மாகிட்ட சொல்லு."

அதையும் யோசித்தேன். அப்பாவின் சிவந்த காது நினைவுக்கு வந்தது. அம்மா போய், "என்னங்க இப்படித் தெச்சுட்டீங்க" என்று கேட்டால் அந்தக் காது என்ன ஆகும்?

"அப்பாவே பார்க்கட்டும்," என்றேன். "முதல்ல அவர்தான் பார்க்கணும்."

பஞ்சுவை வீட்டுக்கு அனுப்பிவிட்டு முன்னறைக்குப் போனேன். அப்பா யாருடைய கால்சட்டைக்கோ இடுப்பைச் சுருக்கிக்கொண்டிருந்தார். வாயில் இரண்டு குண்டூசி.

"அப்பா, ஒரு நிமிஷம் எழுந்து நில்லுங்க."

"ம்ம்?"

"இதப் போட்டுக்கோங்க. நீங்கதான் அம்மா. ஆத்துல குதிச்சுட்டீங்க."

அப்பா குண்டூசிகளை எடுத்துவிட்டுச் சிரித்தார். "எனக்கு வாளித் தண்ணியைப் பார்த்தாலே பயம். என்னைப் போய் ஆத்துல தள்ளுற." ஆனாலும் மாட்டிக்கொண்டார். நான் வளையத்தில் கயிற்றைக் கட்டி மறுமுனையை ஜன்னல் கம்பியில் முடிந்தேன்.

"கயிறு சிக்கிடுச்சுப்பா. தண்ணி உங்களை அமுக்குது. பந்தை இழுங்க. கயித்துலேருந்து தப்பிச்சு என்கிட்ட வாங்க."

அப்பா பந்தை இழுத்தார். முன்னால் ஒரு அடி வைத்தார். முதுகில் யாரோ பிடித்த மாதிரி நின்றார். இன்னொரு முறை உந்திப் பார்த்தார். ஜன்னல் கம்பி கிறீச்சிட்டது.

சிரிப்பு அவர் முகத்திலிருந்து மெதுவாகப் போனது. கையைப் பின்னால் கொண்டுபோய் விரலால் தடவினார். அந்த விரலுக்குத் தன் தையல் தெரியாமல் இருக்குமா?

"நான் போட்டதா?"

"ஆமாப்பா."

"இது உருவிக்கிட்டு வரணுமா?"

"ஆமாப்பா. அவிழணும். அதுக்காகத்தான் அந்த பெல்ட்டே."

அப்பா ஜாக்கெட்டைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். மெஷின் சக்கரத்தின் மேல் ஒரு கையை வைத்திருந்தார். அது ஓடவில்லை.

"அழகா இருக்கணும்னு பார்த்தேன்," என்றார் கடைசியில். "எதுக்கு இருக்குன்னு கேக்கல."

"நீங்க இங்க தெச்சிருக்கீங்கன்னு எனக்கும் இன்னைக்குத்தான் தெரிஞ்சுதுப்பா."

"நல்லவேளை, என்கிட்ட வந்து சொன்ன." என் தலையைத் தடவிவிட்டுக் கத்தியைக் கேட்டார். நான் அதைச் சட்டைப் பையிலேயே வைத்திருந்தேன்.

ஒவ்வொரு தையலாகப் பிரித்தார். கடைசித் தையல் வந்ததும் பெல்ட்டை விரலால் நிமிண்டினார். அதன் ஓரம் இழை இழையாகப் பிய்ந்து பொடியானது. ஜாக்கெட்டின் மார்புப் பகுதியைக் கட்டை விரலால் அழுத்தினார். பள்ளம் விழுந்தது. கையை எடுத்த பிறகும் பள்ளம் அப்படியே நின்றது.

"வெயில் தின்னுடுச்சு. உள்ள இருக்கிற பஞ்சும் செத்துப் போச்சு," என்றார். "இதுக்கு மேல இதுல தைக்க ஒண்ணும் இல்ல."

சாயங்காலம் அம்மா வந்ததும் அப்பாவே எல்லாவற்றையும் சொன்னார். ஒன்றையும் மறைக்கவில்லை. தொட்டியில் நான் விழுந்ததைக்கூட விடவில்லை.

அம்மா நாற்காலியின் நுனியில் உட்கார்ந்து கேட்டாள்.

"உங்க மேல மட்டும் தப்பு இல்லைங்க," என்றாள். "கொக்கியிலேருந்து எடுத்ததும் இழுத்துப் பார்க்கணும். மத்தவங்களுக்கெல்லாம் நான்தான் சொல்றேன். என் ஜாக்கெட்டை நான் இழுத்துப் பார்க்கல." பிறகு ஜாக்கெட்டை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். "சரி, தையலைப் பிரிச்சாச்சு. பெல்ட் மட்டும் புதுசு போட்டுக்கலாம்."

"உள்ள இருக்கிற பஞ்சும் போயிடுச்சு," என்றார் அப்பா.

"கொஞ்சம் தட்டினா சரியாகிடும். இதுல எத்தனை பேரைக் கரைக்குக் கொண்டு வந்திருக்கேன் தெரியுமா? இவ காய்ச்சல்ல கிடந்தப்போ இதைக் கட்டிக்கிட்டுத்தான் தூங்கினா."

அப்பா என்னைப் பார்த்தார். எனக்கும் அந்த ஜாக்கெட்டை விட மனம் இல்லை. ஆனால் பள்ளம் இன்னும் அப்படியே இருந்தது.

"அம்மா, உங்க குழுவுல புதுசா ஒருத்தர் சேர்றாங்கன்னு வை. இதைப் போட்டுக்கிட்டு வந்து நிக்கிறாங்க. நீ தண்ணியில இறங்க விடுவியா?"

அம்மா பள்ளத்தைப் பார்த்தாள். தன் கட்டை விரலால் பக்கத்தில் இன்னொரு பள்ளம் போட்டாள். அதுவும் எழுந்து வரவில்லை.

"விடமாட்டேன்," என்றாள்.

பழைய ஜாக்கெட் என் படுக்கைக்கு வந்து சேர்ந்தது. மறுநாளே மூவரும் கடைக்குப் போனோம்.

பாலத்துக்குப் பக்கத்தில் அந்தக் கடை. கூரையிலிருந்து துடுப்புகள் தொங்கும். சுவரோரம் படகுகளைச் செங்குத்தாக நிறுத்தியிருப்பார்கள். உள்ளே போனாலே புது ரப்பர் வாசம் மூக்கைத் துளைக்கும். கடைக்கார அக்கா எங்களைப் பார்த்ததும் இரண்டு மீட்பு ஜாக்கெட்டுகளை மேஜை மேல் போட்டார்.

ஒன்று நீலம். அதில் எண்ண முடியாத அளவுக்குப் பைகள்.

"இது நல்லா இருக்கே," என்றாள் அம்மா. விசிலுக்கு ஒன்று, கத்திக்கு ஒன்று என்று பைகளைத் திறந்து மூடிப் பார்த்தாள். அவள் கண் மின்னியது.

அப்பா அதை வாங்கி உள்பக்கம் வெளியே திருப்பினார். மூக்குக் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு தோள் பட்டையைப் படித்தார். ஆமாம், படித்தார் என்றுதான் சொல்ல வேண்டும்.

"இந்தத் தையலைப் போட்டவருக்கு அன்னைக்கு வீட்டுக்குப் போற அவசரம்," என்றார்.

அடுத்தது கறுப்பு. அதன் தையலைப் பார்த்ததும் அப்பா தலையை ஆட்டினார். "இவர் நிதானமான ஆளு."

"அப்போ கறுப்பே போட்டுடவா?" என்றார் கடைக்கார அக்கா.

"அக்கா, ஒரு வாளி தண்ணி கிடைக்குமா?" என்று கேட்டேன். "ஐஸ் போட்டு."

"குடிக்கவா?"

"இல்லக்கா. அம்மா கை வைக்கிறதுக்கு."

மூவரும் என்னைப் பார்த்தார்கள். எனக்குக் கூச்சமாக இருந்தது. ஆனாலும் சொன்னேன். "ஆத்துத் தண்ணி ஜில்லுனு இருக்கும். வீட்டுக்கு வந்ததும் அம்மாவால பட்டனைக்கூடக் கழட்ட முடியாது. நான்தான் கழட்டி விடுவேன். அந்தக் கையாலதானே பந்தை இழுக்கணும்?"

கடைக்கார அக்கா குளிர்பானப் பெட்டியிலிருந்து ஐஸை அள்ளி வாளியில் போட்டுக் கொண்டுவந்தார்.

அம்மா இரண்டு கையையும் உள்ளே விட்டாள். நான் நூறு வரை எண்ணினேன். எழுபதில் அம்மா, "கொஞ்சம் வேகமா எண்ணு," என்றாள்.

முதலில் நீலம். முதுகு வளையத்தில் கயிறு மாட்டி, நானும் அப்பாவும் பிடித்து இழுத்தோம். அம்மா கண்ணை மூடிக்கொண்டு பந்தைத் தேடினாள். ஒரு பைக்குள் கை போனது. இன்னொரு பைக்குள் போனது. மூன்றாவதாகத்தான் பந்து கிடைத்தது.

"ஆத்துக்குள்ள இத்தனை பையில தேட நேரம் இருக்காது," என்று அம்மாவே கழற்றிவிட்டாள். பாவம், அந்தப் பைகள் மேல் அவளுக்கு ஆசை.

அடுத்து கறுப்பு. மறுபடி வாளி, மறுபடி நூறு. இந்தத் தடவை பந்து உடனே கிடைத்தது. ஆனால் நாங்கள் இழுத்ததில் ஜாக்கெட் மேலே ஏறி அம்மாவின் காதுவரை வந்துவிட்டது. உள்ளேயிருந்து அம்மா ஏதோ சொன்னாள். எங்களுக்குப் புரியவில்லை.

"வேற இல்லையா?" என்று அப்பா கேட்டார்.

கடைக்கார அக்கா தயங்கினார். "ஒண்ணு இருக்கு. ஆனா அந்தக் கலரை யாரும் தொடுறதில்ல."

மூலையிலிருந்து எடுத்து வந்தார். நன்றாகப் பழுத்த பூசணிக்காய் நிறம். அது வந்ததும் கடையில் இன்னொரு விளக்குப் போட்ட மாதிரி இருந்தது.

"இதைப் போட்டா ஆத்துல என்னைத் தேடவே வேண்டாம்," என்றாள் அம்மா.

"அது நல்லதுதானேம்மா?"

அப்பா தையலைப் பார்த்தார். இரண்டு பக்கமும் பார்த்தார். குறை ஒன்றும் சொல்லவில்லை. அதிலேயே எனக்குப் புரிந்தது.

மூன்றாவது தடவையாக வாளி, நூறு. அம்மா இடுப்புப் பட்டையை இறுக்கிக்கொண்டாள். நாங்கள் இழுத்தோம். ஜாக்கெட் ஏறவில்லை. "இன்னும் பலமா இழுங்க," என்றாள் அம்மா. அப்பா காலை ஊன்றிக்கொண்டார். நான் அப்பாவின் இடுப்பைப் பிடித்துக்கொண்டேன்.

அம்மா விறைத்த விரலால் பந்தைத் தட்டி இழுத்தாள். சர்ரென்று பெல்ட் உருவிக்கொண்டு வந்தது. நானும் அப்பாவும் கயிற்றோடு பின்னால் போய் ரப்பர் மிதவைக் குவியலுக்குள் விழுந்தோம். அப்பாவின் கால் மட்டும் வெளியே தெரிந்தது.

"எத்தனையோ பேர் வந்து வாங்கியிருக்காங்க," என்றார் கடைக்கார அக்கா, கண்ணைத் துடைத்துக்கொண்டு. "கண்ணை மூடிக்கிட்டு வாங்கினவங்க நீங்கதான்."

வழியில் அம்மா கேட்டாள். "வீட்டுக்குப் போய் இதுல ஒரே ஒரு பை வெச்சுத் தைக்கலாமாங்க?"

"ஒரு தையல்கூடப் போடமாட்டேன்," என்றார் அப்பா.

ஞாயிற்றுக்கிழமை வந்தது. ஆறு ஒரே இரைச்சல். அப்பா வழக்கமாக ஆற்றுப் பக்கம் வரமாட்டார். அன்றைக்கு வந்தார். என் கையைப் பிடித்துக்கொண்டு தண்ணீரிலிருந்து பத்தடி தள்ளியே நின்றார்.

காலை முழுக்க எல்லாம் நன்றாகப் போனது. வெயில் ஏறிய நேரத்தில் ஒரு பச்சைப் படகு கவிழ்ந்தது. கல்லூரியில் படிக்கும் பெண் ஒருத்தி, நடு ஆற்றில் ஒரு பாறையைக் கட்டிக்கொண்டு கத்தினாள்.

அம்மா வளையத்தில் கயிற்றை மாட்டினாள். குதித்தாள். நாலே வீச்சில் அந்தப் பெண்ணிடம் போய்ச் சேர்ந்து அவளை அணைத்துக்கொண்டாள். கரையில் மூன்று பேர் கயிற்றை இழுக்க ஆரம்பித்தார்கள்.

கயிறு வரவில்லை. தண்ணீருக்கடியில் இரண்டு பாறைகளுக்கு நடுவே அது மாட்டிக்கொண்டது.

அம்மாவின் முதுகுக்குப் பின்னால் தண்ணீர் குவிந்து எழுந்தது. பூசணி நிறம் ஒருமுறை தெரிந்தது. அடுத்த கணம் நுரை மட்டும்தான் இருந்தது.

அப்பாவின் பிடி என் கையில் இறுகியது. இழு, பந்தை இழு என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டே இருந்தேன்.

சட்டென்று கயிறு தொளதொளவென்று ஆனது. இழுத்தவர்கள் தடுமாறினார்கள்.

"கயிறு அறுந்துடுச்சா?" அப்பாவின் குரல் அவர் குரல் மாதிரியே இல்லை.

"இல்லப்பா. அவிழ்ந்துடுச்சு. அம்மா பந்தை இழுத்துட்டா. கீழ பாருங்க, அங்க கீழ."

வளைவுக்கு அப்பால், தண்ணீர் சுழன்று அமைதியாகும் இடத்தில், பளிச்சென்று பூசணி நிறம் மேலே வந்தது. பக்கத்தில் இன்னொரு தலை. அங்கே நின்றிருந்த குழுவினர் வேறொரு கயிற்றை வீசினார்கள். அம்மா ஒரு கையால் அதைப் பிடித்தாள். மறு கையால் அந்தப் பெண்ணை விடவே இல்லை.

அப்பா ஓடினார். பாறை, சேறு, தண்ணீர் ஒன்றையும் பார்க்கவில்லை. முழங்கால் ஆழத்துக்குப் போய் அம்மாவைப் பிடித்தவர், முதலில் ஜாக்கெட்டின் தோள் பட்டையைத்தான் தடவிப் பார்த்தார்.

"என்னைப் பாருங்களேன்," என்றாள் அம்மா, மூச்சு வாங்கிக்கொண்டே.

அப்பா பார்த்தார்.

கரையில் போர்வைக்குள் நடுங்கிக்கொண்டிருந்த அந்தப் பெண், கொஞ்சம் தெம்பு வந்ததும் கேட்டாள். "அக்கா, இந்த மாதிரி ஜாக்கெட் எப்படிப் பார்த்து வாங்கணும்?"

"என்னைக் கேக்காத," என்று அம்மா எங்கள் பக்கம் கை காட்டினாள். "அவங்க ரெண்டு பேரையும் கேளு."

அன்று பிற்பகல் அப்பா கடையைத் திறக்கவில்லை. நாங்கள் மூவரும் ஆற்றங்கரைப் பாறை ஒன்றில் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்திருந்தோம். அம்மாவின் தலைமுடி முழுசாகக் காய்ந்த பிறகுதான் எங்களுக்கு வீட்டு ஞாபகமே வந்தது.